இரண்டாவது பில்

எங்கள் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அவருக்குக் கணக்குப்புலி என்று பெயர். மூன்றாம் மாடியில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்தபடியே, எந்தெந்தப் பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரி பில்களை வைத்தே கண்டுபிடித்துவிடுவாராம். ஆளைப் பார்க்க வேண்டாம், தொட வேண்டாம். நான் அந்த பில் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்தவன்.

அவர் போட்ட விதி இதுதான்: புற்றுநோய் என்று எழுதிய பில் இரண்டு இருக்க வேண்டும். நடுவே முப்பது நாளாவது இடைவெளி வேண்டும். ஒன்றே ஒன்று என்றால் வெறும் சந்தேகம், பட்டியலில் ஏறாது. பட்டியலில் ஏறினவர்களுக்குத்தான் விலை கூடின புற்றுநோய் ஊசிக்கு எங்கள் ஆபீஸ் பணம் கொடுக்கும்.

என் தங்கைக்கு ஒரு பக்க மார்பையே எடுத்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு வாரத்துக்குள் ஊசியைத் தொடங்கியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பட்டியலில் அவள் பெயர் இல்லை.

மாடியேறிப் போய்க் கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

“ஒரு பில்தான் இருக்குப்பா. சிஸ்டம்படி உன் தங்கச்சிக்கு நோயே இல்ல. சந்தோஷப்படு.”

“அறுத்து எடுத்துட்டாங்க சார்.”

“அதுக்கு ஒரு பில்தானே வந்திருக்கு?”

“ரெண்டாவது பில்லுக்கு இன்னொண்ணையும் அறுக்கணுமா சார்?”

பக்கத்து மேசைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். “போய் பெட்டி தூக்குற வேலையைப் பாரு” என்றார் புலி.

அதைத்தான் பார்த்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கட்டு மாற்றப் போனது வீட்டுப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு. அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. பில்லைக் கையால் எழுதித் தாளாக அனுப்புவார்கள். அந்தத் தாள்கள் மாடிக்குப் போவதே இல்லை. ‘பிறகு ஏற்றவும்’ என்று சீட்டு ஒட்டி, கீழ்த்தளத்தில் ஒழுகும் குழாய்க்கடியில் அடுக்கச் சொல்வார்கள். அடுக்கினவனே நான்தான். புலியின் கணக்கில் அந்த நோயாளிகள் பிறக்கவே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு பெட்டியாய்ப் பிரித்தேன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். டாக்டர் கையெழுத்தோ, எறும்பு மைக்குள் விழுந்து எழுந்து நடந்த தடம். எழுத்துக் கூட்டிக் கூட்டி நாலாம் நாள் பிடித்துவிட்டேன். தங்கை பெயர், நோயின் பெயர், ஆபரேஷன் முடிந்து நாற்பத்தோராம் நாள் தேதி.

நனைந்த தாளை அவர் மேசையில் வைத்தேன். செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்து, பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றினார். திரையில் ஒரு வரி சிவந்தது.

“பாத்தீங்களா!” என்று அறைக்கே கேட்கும்படி கூவினார். “நம்ம விதி கண்டுபிடிச்சிடுச்சு! இந்த மாசம் ஒரு கேஸ் கூடுதல்.”

“கீழ இன்னும் முப்பத்தாறு பெட்டி இருக்கு சார்.”

“அதெல்லாம் அப்புறம்.”

கீழே வந்து தங்கைக்குப் போன் போட்டேன்.

“உன் பேரு ஏறிடுச்சும்மா. ஊசி கிடைச்சிடும்.”



“அப்போ எனக்கு நோய் இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்களாண்ணே? பெரிய மனசுதான்!”

மறுநாள் யாரும் கேட்காமலே ஒரு பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடியும் ஏறினேன். புலி டிபன் டப்பாவைத் திறந்துவைத்திருந்தார். பக்கத்திலேயே தொப்பென்று இறக்கினேன். பெட்டியிலிருந்து அழுக்குத் தண்ணீர் மெல்ல மேசையில் பரவியது.