வாசகரை வெறுங்கையோடு அனுப்பாதீர்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். நூலகக் கவுன்டரில் உட்காருகிறவளுக்கு அது ஆகாதாம். அதனால்தான் எங்கள் நூலகர் என்னை வாடிக்கையாளர் சேவைப் பயிற்சிக்கு அனுப்பினார். புன்னகை செய்யுங்கள், 'இல்லை' என்று ஆரம்பிக்காதீர்கள், வாசகரை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள் என்று நாள் முழுக்க ஓதினார்கள். ஓதினால் திருந்துகிற வயசா எனக்கு?

ஆனால் சிடுமூஞ்சி என்று பெயர் எடுத்த என்னிடம்தான் ஒரு பெண் மனம்விட்டுச் சொன்னாள். மகளைக் கூட்டிக்கொண்டு எங்கிருந்தோ வந்து, பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தாள். உறுப்பினர் அட்டை வாங்கும்போதே குரலைத் தாழ்த்தினாள்.

"யார் வந்து கேட்டாலும் என்னைத் தெரியாதுன்னு சொல்லிடுங்கக்கா. அவர் கண்ணுல பட்டா என்னை உயிரோட விடமாட்டார்."

அந்த நேரம் புத்தகங்கள் அடுக்கிய தள்ளுவண்டியிலிருந்து ஒரு தடித்த புத்தகம் கீழே விழுந்தது. அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். சொல்லமாட்டேன் என்று அட்டையை அவள் கையில் வைத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். மதியம் ஒருவன் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, பேச்சில் தேன். அவள் பெயரைச் சொல்லி, "என் வீட்டுக்காரி. இங்கதான் வர்றான்னு கேள்விப்பட்டேன்," என்றான்.

"யார் வர்றா, யார் போறான்னு இங்க சொல்றதில்ல. புத்தகம் வேணும்னா எடுங்க, இல்லன்னா கிளம்புங்க."

அவனுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நேராக நூலகர் அறைக்குப் போய்ப் புகார் சொன்னான்.

நூலகர் பதறியடித்து ஓடி வந்தார். ஊருக்கெல்லாம் நல்லவர் அவர். என் முன்னாலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டு, நாற்காலி போட்டு, கம்ப்யூட்டரில் அவள் பெயரைத் தட்டினார்.

"சார், கொஞ்சம் வெளிய வாங்க. முக்கியமான விஷயம்," என்றேன். அவன் எதிரே எதைச் சொன்னாலும் அவளை நானே காட்டிக்கொடுத்தது போலாகிவிடும்.

"அதெல்லாம் அப்புறம். நீங்க பண்ணி வச்சது போதும்மா." அவன் பக்கம் திரும்பிச் சிரித்தார். "அவங்க கேட்டு வச்ச தேர்வு வழிகாட்டி வந்திருக்கு சார். இப்பவே கூப்பிடறேன்."

"நான் வந்திருக்கேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. திடீர்னு பாத்தா சந்தோஷப்படுவா."

நூலகருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. போனை எடுத்து, "உங்க புத்தகம் வந்திருக்கும்மா. உடனே வாங்க, வேற ஆளும் கேக்கறாங்க," என்றார்.

பாவி மனுஷன்! அவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்துவிட்டது. செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினேன். போன் வந்தபோது பக்கத்தில்தான் இருந்தார்கள் போல; வாசலைத் தாண்டுவதற்குள் தாயும் மகளும் எதிரே வந்துவிட்டார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. அந்தத் தேர்வை நம்பித்தான் அவள் பிழைப்பே இருந்தது.

"அவன் உள்ள இருக்கான். திரும்பிப் போ!"

அவள் கால்கள் நகரவில்லை. என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு திறந்தது. திரும்பிப் பார்த்தேன். அவன் வெளியே வந்துகொண்டிருந்தான். நூலகர் அவனுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொன்னேன்ல சார், வந்துட்டாங்க பாருங்க," என்றார் பெருமையாக.

சின்னவள் என் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டாள். நான் இரண்டு கையையும் விரித்து மறித்தேன். அவன் சிரிப்பு மாறாமல் படியிறங்கினான்.

"என்னம்மா நீங்க," என்றார் நூலகர். "சாருக்கு வழி விடுங்க."