பதினோராம் இடத்துப் புறாக்கள்

பொய் எழுதியவள் நான்தான். அடுத்தவர்மேல் பழி போட எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் போடுவேன்.

எங்கள் கிரெனடாத் தீவை விட்டால் இந்தப் புறாவுக்கு உலகத்தில் வேறு வீடு கிடையாது. முள்காட்டுக்குள் அதைக் கண்ணால் பார்ப்பது குதிரைக்கொம்பு. அதனால் காதால் எண்ணுவோம். மழைக்காலத்தில், விடியும்போது, குன்றில் குறித்துவைத்த பதினான்கு இடங்களிலும் ஏழேழு நிமிடம் நின்று, எத்தனை கூவுகின்றன என்று எழுதுவது என் வேலை. அலையாத்திக் காட்டுக்கு மேலே உள்ள பள்ளம் பதினோராம் இடம். அங்கேதான் கூட்டம் அதிகம்.

ஆறு வருடத்துக்கு முன் அந்தப் பட்டியலை ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். அதே மாதம் ஏழாம் இடத்தில் யாரோ திருடர்கள் கண்ணி வைத்துவிட்டார்கள். இறகுகளை நான்தான் பொறுக்கினேன். திருடனுக்கு வழிகாட்டவா எனக்கு வேலை கொடுத்தார்கள்? அன்றிலிருந்து பதினோராம் இடத்துக்குச் சுழியம் போட்டேன்.

இந்தப் பிப்ரவரியில் ஓட்டல்காரர்கள் பள்ளத்தையும் அலையாத்தியையும் சேர்த்துக் கேட்டார்கள். மாதா கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம். நகரத்திலிருந்து வந்த அதிகாரி லெனார்ட் என் நோட்டையே விரித்துப் படித்தார்.

"பதினொண்ணாம் இடம், ஆறு வருஷமா ஒரு புறாகூட இல்ல. அங்க ஓட்டல் வந்தா யாருக்கு நஷ்டம்?"

எழுந்துவிட்டேன். "இருக்கு சார். ஏழு இருக்கு. நான்தான் மறைச்சேன்."

"ஈடித்தம்மா, அப்ப எழுதினது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

"ஏழு புறாவையும் மடியில கட்டி வெச்சிருந்தியாக்கா?" என்றான் நண்டு பிடிக்கிற குளோவிஸ். மண்டபமே சிரித்தது. ஓட்டலில் வேலை தருவதாக அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

லெனார்ட் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல நாம ரெண்டு பேரும் போவோம். ஒண்ணு கூவினாலும் நிறுத்திடறேன்."

"வெயில் காலம் சார். மழை விழுந்தாத்தான் அது வாயத் தெறக்கும். ஜூன் வரைக்கும் பொறுங்க."

"அவங்க பொறுக்க மாட்டாங்கம்மா."

மறுநாள் விடியலில் பள்ளத்தில் நின்றோம். மரங்களில் இலை இல்லை. ஏழு நிமிடம் மூன்று முறை போனது. கூவித் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அப்போது சருகில் ஒன்று நடந்து வந்தது. தோளில் இந்தப் புறாவுக்கே உரிய வெள்ளைக் கோடு.

"அதோ!" என்று கத்திவிட்டேன்.

இத்தனை வருடம் மூச்சுவிடாமல் நின்றவள், அன்றைக்குக் கத்தினேன். அவர் திரும்புவதற்குள் அது முள்ளுக்குள் போய்விட்டது. சருகுதான் அசைந்தது.

"ஓணானா இருக்கும்," என்றார். "கேட்டத மட்டும் எழுதுங்கம்மா."

கேட்டதை எழுதினேன். சுழியம். கையெழுத்தும் போட்டேன்.

மார்ச்சில் இயந்திரங்கள் இறங்கின. ஜூனில் முதல் மழை பெய்ததும், விடியலில் வேலிக்கு வெளியே போய் நின்றேன். ஏழு நிமிடம். இன்னொரு ஏழு. குளோவிஸ் காவலாளிச் சட்டையில் வந்தான். இந்தத் தடவை அவன் கிண்டல் செய்யவில்லை.

"இங்க நிக்கக்கூடாதுக்கா. என் வேலை போயிடும்."

"கொஞ்சம் பேசாம இருடா, கேட்டுட்டுப் போறேன்."

பாவம், அவனும் என்னோடு நின்று காது கொடுத்தான். மழைதான் பெய்துகொண்டிருந்தது.