மூன்று அன்புடையீர்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். அக்கா ஜன்னலோரம் தையல் மெஷினுக்கு முன்னால். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் அத்தான் சோபாவில், மடியில் இரண்டு போன்களோடு. நான் சாப்பாட்டு மேசையருகே, என் போனோடு. நடுவில் இருந்த நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அத்தான் கடையின் பழைய சுழல் நாற்காலி அது. மாலை நான்கு மணி வரை இணையத்தில் ஏலத்தில் இருந்தது.

பார்க்க லட்சணமான நாற்காலிதான். மிதித்தால் உயரும். ஆள் உட்கார்ந்தால் தானாகவே மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடும். இதை அத்தான் விளம்பரத்தில் சொல்லவில்லை. விளம்பரம் அக்காவின் கணக்கில் இருந்தது. அந்தத் தளத்தில் அவள் நான்கு வருஷமாகத் திரைச்சீலை தைத்து விற்கிறாள். வாங்கியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள்.

நாற்காலியைக் கேட்டவர் ஒரே ஒரு பெண்மணி. 'புதுக்கடை' என்ற பெயரில் கேட்டார்.

"ஒத்த ஆள் கேட்டா விலை எப்படி ஏறும் மச்சான்? நாமளே நாலு பேரா மாறிக் கேப்போம்" என்றார் அத்தான்.

"மூணு போன்தான் இருக்கு அத்தான்."

"சரி, மூணு பேரா மாறுவோம்."

"என் கணக்குல என்னடா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

"கூட்டம் சேக்கறோம்" என்றார் அத்தான். பிறகு என் பக்கம் குனிந்து, "வெறும் விலையைப் போட்டா நம்ப மாட்டாங்க. கீழ ரெண்டு வரி எழுதிப் போடு. நீதான் எழுத்துல புலியாச்சே."

மூவருக்கும் தனித்தனிக் குணம் வைத்தேன். முதல்வர் ஓய்வுபெற்ற அதிகாரி. இரண்டாமவர் நாற்காலி சேகரிக்கும் அம்மையார். மூன்றாமவர் கப்பல் ஏறப் போகும் அவசரக்காரர். இவர்கள் ஏற்ற ஏற்ற, புதுக்கடையும் ஆறு முறை ஏற்றினார். நான்கு மணிக்கு முதல் விலையைப் போல இரண்டு மடங்கில் ஏலம் அவர் பெயரில் முடிந்தது. அத்தான் சோபாவிலிருந்து துள்ளினார்.

பத்து நிமிடத்தில் அக்காவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அவள் மெஷினை நிறுத்திவிட்டு உரக்கப் படித்தாள்.

"அக்கா, இந்தத் தளத்துல யாரும் ஒரு வணக்கம்கூடச் சொல்றதில்லை. ஆனா என்னோட போட்டி போட்ட மூணு பேரும் 'அன்புடையீர்'னு ஆரம்பிச்சு 'இப்படிக்கு'ன்னு முடிக்கிறாங்க. கப்பலுக்கு ஓடுறவர்கூட! மூணு பேரும் ஒரே பள்ளிக்கூடமா? எழுதினவர் எந்தெந்த விலை பொய்யின்னு முறையா ஒரு கடிதம் எழுதித் தபால்ல அனுப்பட்டும். பொய்யைக் கழிச்சு என்ன விலையோ, அதுக்கு எடுத்துக்கறேன். வியாழக்கிழமைக்குள்ள வரலைன்னா தளத்துக்குப் புகார் போகும்."

புகார் போனால் கணக்கை மூடிவிடுவார்கள். அக்காவின் பின்னால் ஏழு ஜோடித் திரைச்சீலைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"அவசரக்காரனுக்கு எதுக்குடா அன்புடையீர்?" என்று அத்தான் என்னைக் கடிந்தார்.

"அவசரம்னா மரியாதை இல்லாம எழுதலாமா அத்தான்?"

அக்கா எழுந்து வந்தாள். நேராகச் சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். "பேப்பர் எடு. ஒண்ணு, அந்த மூணு பேரும் ஒரு ஆள்."

"ஒண்ணரை ஆள் அக்கா. யோசனை அத்தானோடது."

"அதையும் எழுது. ரெண்டு, பொய் விலை எல்லாத்தையும் வரிசையா எழுது. மூணு, நாற்காலி இறங்கும்."

அத்தான் பதறினார். "அதை அவங்க கேக்கவே இல்லையே!"

அக்கா அதற்குள் இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தாள். "பாதிச் சவரத்துல ஆள் தரைக்குப் போனா அந்தப் பொண்ணு யாரைத் திட்டும்? என் பேரைத்தானே? நீங்க இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

"குனிஞ்சு வெட்டினேன்."

"அதான் தினமும் இடுப்பு வலின்னு நான் தைலம் தேய்க்கிறேன்!"

"சரி, 'சற்றே இறங்கும்'னு எழுது மச்சான்" என்று கெஞ்சினார்.

அக்கா தன் அளவு நாடாவை என்னிடம் எறிந்தாள். அவள் அடிமட்டத்துக்கு வந்து சேரும் வரை காத்திருந்து அளந்தேன். 'பதினான்கு நிமிடத்தில் பதினோரு அங்குலம்' என்று எழுதினேன். முழங்கால் முகவாயைத் தொட, அங்கிருந்தே அவள் நான்காவதையும் சொன்னாள்: பழுதை வீட்டுக்காரர் நேரில் வந்து சரிசெய்து தருவார்.

"நானா?"

"வேற வீட்டுக்காரர் எனக்கு இருக்காரா?"

இப்படிக்கு என்று எழுதி, என் சொந்தப் பெயரைப் போட்டேன். பக்கத்தில் அத்தானும் பேனாவை அழுத்திக் கையெழுத்திட்டார். மேலே என்ன இருக்கிறது என்று அக்கா எட்டிப் பார்த்தாள். அன்புடையீர் என்றுதான் இருந்தது. இந்தக் கடிதத்துக்கு அது பொருந்தும் என்று நினைத்தாளோ என்னவோ, கடிதத்தை மடித்து உறையில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

தெருமுனைத் தபால்பெட்டி வரை அத்தான் கூடவே வந்தார். "இன்னும் ஒட்டலையே மச்சான். சற்றேன்னு ஒரே ஒரு வார்த்தை..."

நான் உறையின் ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தி, நகத்தால் மூன்று முறை அழுத்தித் தேய்த்து, பெட்டிக்குள் போட்டேன்.