அவிழ்த்த பெல்ட்

"கர்ப்பப்பை வாய் காலையிலேருந்து அஞ்சு சென்டிமீட்டர்லயே நிக்குது," என்றார் டாக்டரம்மா, கையுறையைக் கழற்றிக்கொண்டே. "பன்னிரண்டு மணிக்குப் பார்ப்பேன். இப்படியே இருந்தா ஆபரேஷன் தியேட்டர்தான்."

ஒன்பது வருடமாக நான் நர்ஸாக வேலை பார்க்கும் பிரசவ வார்டு இது. இதே கட்டிலில் எத்தனையோ பேர் வயிற்றில் துடிப்பு பார்க்கும் பெல்ட்டைக் கட்டி, "அசையாம படும்மா, குழந்தைக்கு நல்லது" என்றிருக்கிறேன். தண்ணீர் கேட்டால் உதட்டில் ஈரப் பஞ்சு. இன்று அதே பெல்ட்டோடு நானே இங்கே படுத்திருக்க, என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு வலியிலும் இடுப்பு என்னை எழுந்து நிற்கச் சொன்னது.

டியூட்டியில் இருந்த நர்ஸ் தோழியைக் கூப்பிட்டேன்.

"திரையை இழுத்துட்டு இந்த பெல்ட்டை அவிழ்த்து விடேன். நடக்கணும்."

"டாக்டரம்மா பார்த்தா என் தலை உருளும்டி."

"எனக்கு பிரஷர் இல்ல, சுகர் இல்ல. துடிப்பு நல்லாயிருக்கு. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கைக்கருவியை வச்சுக் கேளு, போதும்."

"அப்புறம் எதுக்கு எல்லாருக்கும் கட்டுறோமாம்?"

"எட்டுக் கட்டிலுக்கு நாம ரெண்டு பேர். அதுக்குத்தான்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இத்தனை வருடத்தில் இதை மனசுக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

அவள் முணுமுணுத்தபடி அவிழ்த்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல மெல்லக் குடித்துவிட்டு எழுந்தேன். நான்கு அடி வைத்திருப்பேன்.

"சிஸ்டர்." திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில் வலியோடு படுத்திருந்த, பஸ் கண்டக்டர் வேலை பார்க்கும் பெண். "போன வாரம் செக்கப்ல நீங்கதானே வலி வந்தா அசையாம படுக்கணும்னீங்க? பஸ்ல நாள் பூரா நின்னே பழகினவ நான். படுத்தாத்தான் உயிர் போகுது."

தோழி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். 'உங்க கேஸ் வேற' என்ற வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. அதைத் தினமும் சொல்லிப் பழக்கம். அதற்குள் வலி வந்தது. கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றேன். அது வடியும்வரை அவள் காத்திருந்தாள்.

"அது குழந்தைக்காக இல்லம்மா," என்றேன். "எங்க வசதிக்காகச் சொன்னது."

"நல்லா மாட்டிவிட்டே," என்றாள் தோழி. ஆனாலும் கண்டக்டரின் சார்ட்டை இரண்டு முறை படித்தாள். பிறகு அவளுடைய பெல்ட்டையும் கழற்றினாள்.

பன்னிரண்டு மணிக்கு டாக்டரம்மா வந்தபோது இரண்டு கட்டில்கள் காலியாக இருந்தன.

"யாரைக் கேட்டு?"

"நான்தான் சொன்னேன், மேடம்," என்றேன்.

என்னைப் படுக்கவைத்துப் பரிசோதித்தார். சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தேன்.

"ஏழு சென்டிமீட்டர்," என்றார் கடைசியில். "ரெண்டு மணிக்கு மறுபடி பார்க்கலாம். அதுவரைக்கும் படுங்க."

காலைக் கீழே தொங்கப்போட்டு எழுந்து நின்றேன்.