கோடிட்ட இடத்தில் ஒரு ‘சரி’

1

இந்தக் கதை என் வயிற்றால் வந்தது. பழைய பேண்ட் ஒன்று இடுப்பில் ஏற மறுத்தது. “உட்காருங்க சார், பிரிச்சுத் தைச்சுத் தந்துடறேன்” என்றார் தையல்காரர். உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில் அவர் சொன்னதுதான் இது.

முதல் வரிக்கு நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன்.

‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அந்தத் தையற்கடையின்’ – மழையே பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

‘ஆங்கிலத்தில் ப்ரெப்போசிஷன் எனப்படும் சின்னஞ்சிறு சொற்கள்’ – ஐயோ, பாடப்புத்தக வாடை.

சரி, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

2

இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. தையல்காரருக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவி நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்க வேண்டும் என்பது படிக்கிற காலத்திலிருந்தே அவளுடைய ஆசை. அதற்கு ஓர் ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும். மருந்துப் பெயர்களெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கோடிட்ட இடத்தில் இன், ஆன், அட் நிரப்பச் சொன்னால்தான் தடுமாறுவாள். அதிலேயே இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள்.

மூன்றாவது முறைக்குத் தையல்காரர் வாத்தியாரானார். எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அதனாலென்ன, விடையெல்லாம் கைடின் கடைசிப் பக்கத்தில் இருந்ததே! காலை டியூட்டி முடிந்து அவள் மூன்று மணிக்குக் கடைக்கு வருவாள். ஸ்டூலில் உட்கார்ந்து ஹெம்மிங் செய்வாள். அவர் கைடின் மேல் கத்தரிக்கோலைப் பாரம் வைத்துவிட்டு, மிஷினை மிதித்துக்கொண்டே கேட்பார்.

“ஷி இஸ் குட் டேஷ் ஸ்விம்மிங்.”

“இன்.”

“தப்பு. அட்.”

“ஏங்க அட்? நீந்தறது தண்ணிக்குள்ளதானே?”

“எனக்கென்னம்மா தெரியும்? கடைசிப் பக்கத்துல அட்னு போட்டிருக்கான். வெள்ளைக்காரங்க கரையில நின்னே நீந்துவாங்களோ என்னவோ.”

சிரித்துச் சிரித்து அவள் விரலில் ஊசியைக் குத்திக்கொள்வாள். துணி வாங்க வந்தவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

“அந்த நாலு மாசந்தான் சார்” என்றார் தையல்காரர். “அவ்வளவு பேச்சு எங்களுக்குள்ள அதுக்கு முன்னயும் இல்லை, பின்னயும் இல்லை.”

(இடையில் ஒரு வார்த்தை. தமிழில் நமக்கு இந்தத் தொல்லை கிடையாது. ‘இல்’, ‘ஓடு’, ‘க்கு’ எல்லாம் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு தானாக வரும். ஆங்கிலத்தில் அவை தனித்தனியாக நிற்கின்றன. யாராவது வந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.)

3

இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது.

பரீட்சைக்கு இன்னும் மூன்று நாள். அன்று மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது அவளுடைய கோட்டுதான். குளிர் நாட்டுக்குப் போகிறவளுக்கு அவரே தைப்பது. கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் பட்பட்டென்று பதில் சொன்னாள். வரிசையாகப் பதினேழு சரி.

“பதினேழாவது சரி சொன்னப்பதான் சார் உறைச்சுது. இவ நிஜமாவே போயிடுவா.”

பதினெட்டாவது கேள்வி: “ஷி இஸ் மேரீட் டேஷ் எ டாக்டர்.”

“வித்” என்றாள்.

கடைசிப் பக்கத்தில் ‘டு’ என்று இருந்தது. அவர் மிதிப்பதை நிறுத்தினார். இன்னொரு தரம் பார்த்தார். ‘டு’தான்.

“சரி” என்றார்.

இந்த மனிதரை என்ன செய்வது? முதல் பிரதியில் அவரைப் பத்து விடைகளுக்குப் பொய் சொல்ல வைத்தேன். கதைக்கு அது எடுப்பாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது ஒன்றே ஒன்று. அடுத்த பிரதியில் மனமிரங்கி, ‘மங்கிய வெளிச்சத்தில் எழுத்து சரியாகத் தெரியாமல் அவர்’ என்று ஆரம்பித்தேன். அதுவும் பொய். “தெரிஞ்சேதான் சார் சொன்னேன்” என்றாரே, வாயில் இருந்த குண்டூசியைக்கூட எடுக்காமல்.

4

பரீட்சை முடிந்து துள்ளிக்கொண்டு வந்தாள். “ஏங்க, அந்த டாக்டர் பொண்டாட்டி அப்படியே பேப்பர்ல வந்திருந்தா!”

நீ என்ன எழுதினே என்று அவர் கேட்கவில்லை. மிஷினுக்கு அடியில் நூல் பாபின் மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

அவள் தேறிவிட்டாள். கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். ஆறு வருஷம். அவர் தைத்தார், சமைத்தார், ஞாயிறு தவறாமல் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாவது வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேசிக்கொண்டிருக்கும்போதே யாரோ அவளிடம் ஏதோ கேட்டார்கள். அவள் திரும்பி ஆங்கிலத்தில் சொன்ன பதில் அவர் காதிலும் விழுந்தது.

“ஐ ஆம் மேரீட் வித் எ டெய்லர்.”

“டாக்டருங்களோடயே சண்டை போடற அளவுக்கு இங்கிலீஷ் வந்துடுச்சு சார் அவளுக்கு. அது மட்டும் மாறலை.”

யாரும் திருத்தவில்லையா, அல்லது திருத்தியும் அவள் விடவில்லையா? அவருக்குத் தெரியாது. எனக்கும்தான்.

5

அவள் திரும்பி வந்து பதினாறு வருஷமாகிறது. அவர் இன்னும் சொல்லவில்லை. ஆகவே முடிவுகளை நானே எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: அவர் சொல்கிறார். அவள் சிரிக்கிறாள். “கடைசிப் பக்கத்தை நான் அன்னிக்கே பார்த்துட்டேன்” என்கிறாள். (இனிப்பு அதிகம்.)

முடிவு இரண்டு: அவள் சிரிக்கவில்லை. “நான் போறது பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே? நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான்” –

இதற்கு மேல் எழுத வரவில்லை.

பேண்டை மடித்துக் கையில் கொடுத்தபோது அவர் சொன்னார்: “நீங்க கதை எழுதறவராமே? பத்திரிகையில வர்ற கதை ஒண்ணு விட மாட்டா அவ. இதை எழுதிடுங்க சார். எனக்கு வாய் வரலை.”

“முடிவு என்னண்ணே போட?”

“அதை அவதானே சொல்லணும்?”

மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இந்த முடிவு ஒரு வீட்டுக்குச் சொந்தமானது.

அம்மா, இந்த வரி வரை வந்துவிட்டீர்களானால் பத்திரிகையைச் சற்றே இறக்கி நிமிர்ந்து பாருங்கள். எதிரே ஒருவர், நூல் கோக்காத ஊசியால் வெகுநேரமாக எதையோ தைத்துக்கொண்டிருப்பார்.