மன்னித்துவிட்டாள் என்று சொன்னார்கள்

"பேரு சொல்லலையே. ஒரு சகோதரின்னுதான் சொன்னேன்."

"சிலோன்ல இருந்து கைக்குழந்தையோட படகுல வந்த சகோதரின்னா, நம்ம சபையில நூறு பேரா இருக்காங்க? சொல்லுங்க பாக்கலாம்."

"குரலைக் கம்மி பண்ணு. வில்லியம் ஐயா உள்ள படுத்திருக்காரு."

"படுத்திருக்கட்டும். அவருக்குத் தமிழ் புரிஞ்சா நானே போய் சொல்லிட மாட்டனா, அதைப் பேசாதீங்க ஐயான்னு."

வேங்கிக்காலில் ஜெபக் கூடத்துக்குப் பின்னால் பாஸ்டர் ராஜேந்திரனின் வீடு. அதன் சமையலறையில் பாஸ்டரும் அவர் மனைவி அன்புச்செல்வியும் பேசிக்கொண்டிருந்தது, கதவுக்கு வெளியே நின்ற எமல்டாவுக்குக் கேட்டது. வெளிநாட்டுப் போதகர் யார் வந்தாலும், கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், அன்றைக்கு எந்தெந்த வசனம் வாசிப்பார் என்று கேட்டுக்கொள்வது அவள் வழக்கம். தன்னுடைய தமிழ் பைபிளில் அந்த இடங்களில் துண்டுக் காகிதம் செருகி வைத்துக்கொள்வாள். மேடையில் பக்கம் புரட்டித் தேடினால் பேச்சு அறுந்துபோகும். அதற்காகத்தான் அன்றும் வந்திருந்தாள். கையில் பைபிளும் காகிதத் துண்டுகளும் இருந்தன.

"மன்னிப்பைப் பத்திப் பேசறாராம். உங்க சபையில நிஜமா நடந்த ஒரு சாட்சி இருந்தா சொல்லுங்கன்னு கேட்டாரு. எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. இதுல என்ன தப்பு?"

"அது அக்கா என்கிட்ட ஜெபத்துல சொன்னது. உங்ககிட்ட நான் சொன்னதே தப்பு."

"புருஷன்கிட்ட சொல்றது தப்பா?"

"அவங்க மன்னிச்சுட்டாங்கன்னு வேற சொல்லி வெச்சிருக்கீங்க. எப்போ மன்னிச்சாங்க? நீங்க பாத்தீங்களா?"

"மன்னிச்சிருப்பாங்க. விசுவாசிதானே."

எமல்டா திரும்பி நடந்தாள். வசனங்களை வாங்கவில்லை. கூடத்தின் பக்கவாட்டில் இருந்த தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய் அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

எமல்டா மன்னாரில் கன்னியர் மடத்துப் பள்ளியில் ஆங்கிலம் படிப்பித்தவள். தொண்ணூறாம் வருஷம் சண்டை மறுபடி தொடங்கியபோது, கடைக்குப் போன அவள் புருஷன் அன்ரன் திரும்பி வரவில்லை. ஆர்மி பிடித்துக்கொண்டு போனது என்றார்கள் சிலர். சுட்டுவிட்டார்கள் என்றார்கள் சிலர். இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு, இரண்டு வயது டிலானியை மார்போடு கட்டிக்கொண்டு படகு ஏறினாள். மண்டபம் கடற்கரையில் இறங்கிப் பெயர் பதிந்ததும், அங்கிருந்து திருவண்ணாமலை மாவட்டத்து முகாமுக்கு அனுப்பினார்கள். ஒரு வருஷத்தில் இந்தச் சபையின் ஆபீசில் மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. முகாமுக்கு வெளியே தங்கப் போலீசில் பதிந்துகொண்டு, வேங்கிக்காலில் பச்சையம்மாள் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்தாள்.

பகலில், சபை விடுதிப் பிள்ளைகள் தங்களுக்குப் பணம் அனுப்பும் வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதும் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதுவாள். கூட்டம் வந்தால் மேடையில் நிற்பாள். மேடையில் அவள் பேசுவது மன்னார்த் தமிழும் இல்லை, இந்த ஊர்த் தமிழும் இல்லை. பைபிளில் இருக்கிற தமிழ். கூடத்துக்குள் கால் வைக்காத பச்சையம்மாள்கூட மதிலுக்கு அந்தப்பக்கம் நின்று கேட்பாள். "வெள்ளைக்காரன் சும்மா வாயைத் தொறந்து தொறந்து மூடறான். பேசறது எங்க வீட்டு சிலோன்காரம்மாதான்" என்று தெருவில் பெருமையாகச் சொல்வாள். பன்னிரண்டு வருஷத்தில் எமல்டா ஒரு வார்த்தை கூட்டியதில்லை, ஒரு வார்த்தை குறைத்ததில்லை. அதுதான் தன் ஊழியம் என்று நம்பினாள்.

டிலானி பேசப் பழகிய நாளிலிருந்து ஒவ்வொரு இரவும் ஒரே ஜெபம்தான். "எங்க அப்பா எங்க இருந்தாலும் காப்பாத்திக் கூட்டிட்டு வாங்க இயேசப்பா." எமல்டா ஆமென் சொல்லுவாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட அதைச் சேர்த்துச் சொல்லுவார்கள்.

போன அக்டோபரில், இலங்கையில் சமாதானம் வந்து தபால் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும், மன்னாரிலிருந்து அவள் தங்கை ஒரு கடிதம் போட்டாள். அன்ரன் செத்துப்போகவில்லை. வவுனியாவில் சைக்கிள் கடை போட்டிருக்கிறான். அங்கே வேறொருத்தியைக் கட்டி இரண்டு பொடியன்கள். கடைசி வரி இப்படி இருந்தது. "அக்கா, ஏழு வருசமா உன்ரை விலாசம் அவரிட்டை இருக்குதாம்."

அந்தக் கடிதத்தை எமல்டா ஒருவருக்கும் காட்டவில்லை. நெஞ்சு தாங்காமல், ஒரு புதன்கிழமை பெண்கள் ஜெபம் முடிந்து எல்லோரும் போனபிறகு, பாஸ்டர் மனைவி அன்புச்செல்வியின் மடியில் தலையை வைத்துச் சொன்னாள். ஜெபக் குறிப்பாகத்தான் சொன்னாள். அப்படிச் சொன்னால் அது வெளியே போகாது என்பது அங்கே எல்லோரும் அறிந்தது. பிள்ளைக்கு மட்டும் தெரியக்கூடாது, பத்தாவது பரீட்சை முடியட்டும், நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று கேட்டாள். "எனக்குள்ளயே பொதைஞ்சிடும்க்கா" என்றாள் அன்புச்செல்வி.

இப்போது தண்ணீர்த் தொட்டி அருகே நின்று எமல்டா யோசித்தாள். உடம்பு சரியில்லை என்று போய்விடலாம். போனால் பாஸ்டரே மேடை ஏறி மொழிபெயர்ப்பார். அவர் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லக்கூடியவர். தான் நின்றாலாவது, அந்த இடம் வரும்போது நாலு வரியை விழுங்கிவிட்டு வேறெதையாவது சொல்லலாம். ஆங்கிலம் தெரிந்தவர்கள் சபையில் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். அவள் விழுங்க முடிவு செய்தாள்.

பாடகர் குழுவில் நிற்க டிலானி வெள்ளைத் தாவணியோடு ஓடி வந்தாள்.

"அம்மா, பின்னு இருக்கா? தோள்ல நிக்கவே மாட்டேங்குது."

எமல்டா தன் சேலையிலிருந்து ஒரு பின்னைக் கழற்றிக் குத்திவிட்டாள். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்டுமில்லை. போய் வடிவாப் பாடு."

அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த ஸ்பெஷல் பஸ்கள் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் நின்றன. அந்த ஹாரன் சத்தத்துக்கு மேல் மைக்கைக் கூட்டி வைத்துத்தான் கூட்டம் நடந்தது. போதகர் வில்லியம் நல்ல மனிதர், வேர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அவர் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்வார், நிறுத்துவார். எமல்டா அதைத் தமிழில் சொல்வாள். அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று.

பிறகு அவர் சொன்னார். இந்த ஊரில் ஒரு பெண் இருக்கிறாள். தீவிலிருந்து படகில், இரண்டு வயதுக் குழந்தையோடு வந்தாள். அவள் கணவன் இறந்துவிட்டான் என்று நினைத்திருந்தாள்.

நிறுத்திவிட்டு, எமல்டாவின் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.

எமல்டா வாயைத் திறந்தாள். சொல்ல நினைத்தது சமாரியாவில் ஒரு பெண் இருந்தாள் என்ற பைபிள் கதை. அந்த நேரம் பாடகர் வரிசையைப் பார்த்தாள். டிலானி தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் படிப்பித்தது யார்? நாலு வயதிலிருந்து பக்கத்தில் உட்காரவைத்துப் படிப்பித்தது எமல்டாதான். போதகர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா அதை எப்படிச் சொல்லப்போகிறாள் என்று மட்டும்தான் காத்திருந்தாள். இப்போது விழுங்கினால், அம்மா பொய் சொல்கிறவள் என்று அவளுக்கு முடிவாகிவிடும்.

எமல்டா சொன்னாள். "இந்த ஊரில் ஒரு பெண் இருக்கிறாள். தீவிலிருந்து படகில், இரண்டு வயதுக் குழந்தையோடு வந்தாள். தன் கணவன் இறந்துவிட்டான் என்று நினைத்திருந்தாள்."

கூடத்தில் தலைகள் திரும்பின. அவர் அடுத்த வரி சொன்னார், அவள் சொன்னாள். "அவன் உயிரோடு இருக்கிறான். வேறொரு பெண்ணோடும் பிள்ளைகளோடும் வாழ்கிறான். இவள் இருக்கும் இடம் தெரிந்தும் அவன் தேடி வரவில்லை." ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

போதகர் கையை மேலே தூக்கினார். அவள் அவனை மன்னித்துவிட்டாள் என்று உரக்கச் சொன்னார். அவனுடைய புதிய குடும்பத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறாள் என்றார்.

எமல்டா மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"அவள் மன்னிக்கேல்லை" என்றாள், மேடையில் ஒரு நாளும் பேசாத மன்னார்த் தமிழில். "அந்தக் குடும்பத்துக்காக அவள் ஒரு நாளும் ஜெபிக்கவுமில்லை. ஒரு ஆளை நம்பி ரகசியமாச் சொன்னதை அவையள் எடுத்து மேடையில வைச்சிட்டினம். அந்த அவள் நான்தான்."

பின்வரிசையில் ராமதாஸ் என்ற காது மந்தமான பெரியவர், வரி முடிந்துவிட்டதென்று வழக்கம்போல "அல்லேலூயா" என்றார். நாலைந்து பேர் ஆமென் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒன்றும் புரியாத போதகர் மகிழ்ச்சியோடு தலையாட்டினார். பாஸ்டர் ராஜேந்திரன் நாற்காலியை விட்டு எழுந்தார். எமல்டா மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

டிலானி பாடகர் வரிசையில் இல்லை. அவர்கள் வீட்டு மாடிப் படிக்கட்டில்தான் இருந்தாள்.

"எவ்ளோ நாளா தெரியும்?"

"பதினொரு மாசம். சித்தியின்ரை கடிதம் வந்ததிலயிருந்து."

"பதினொரு மாசமா தினமும் ராத்திரி நான் ஜெபம் பண்ணேன். நீ பக்கத்துல உக்காந்து ஆமென் சொன்னே. அது எப்படிம்மா முடிஞ்சுது உனக்கு?"

அன்புச்செல்வி செய்ததைவிடத் தான் செய்தது பெரிதோ என்று அப்போதுதான் எமல்டாவுக்குத் தோன்றியது.

மறுநாள் அன்புச்செல்வி வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, அவர்கிட்டயும் ஜெபம் பண்ணச் சொல்லலாம்னுதான் சொன்னேன். சத்தியமா. அவரு இப்படிப் பண்ணுவாருன்னு நினைக்கல. உங்ககிட்ட வந்து பேசச் சொல்லி அவருதான் அனுப்பினாரு. வில்லியம் ஐயாவுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு, வருத்தப்பட்டாரு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து சமாதானமா..."

"அன்பு, நான் கோவமில்லை எண்டு சொன்னால் அதுவும் பொய். இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நீங்கள் போங்கோ."

"கடிதமெல்லாம் கெடக்குதுக்கா, பிள்ளைங்க எழுதினது."

"குடுத்துவிடுங்கோ, இங்கயிருந்து எழுதித் தாறன். பிள்ளையள் என்ன பாவம் செய்தது? மேடைக்கு இனி நான் வரமாட்டன்."

பச்சையம்மாள் கீழேயிருந்து மேலே பார்த்துக் கேட்டாள். "ஏம்மா, பதிமூணு வருஷமா ஆளக் காணோம் காணோம்னியே. சைக்கிள் கடை வெச்சிருக்கானாமே, தெருவுல பேசிக்கறாங்க. ஒரு சைக்கிள எடுத்துக்கினு தபாலாபீஸ் வரைக்கும் போவத் தெரியலையாமா அவனுக்கு?" எமல்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது.

ஐந்து நாள் டிலானி தாயோடு பேசவில்லை. பள்ளிக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். இரவில் ஜெபம் செய்யவில்லை. ஆறாம் நாள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"சித்தியோட லெட்டர்ல அவரு அட்ரஸ் இருக்கா?"

"இருக்கு."

"எனக்கு வேணும்."

"என்னத்துக்கு?"

"அது எனக்கும் அவருக்கும். நீ சொல்லு, குடுப்பியா மாட்டியா? யோசிச்சு சொல்லு. ஆனா இன்னொரு தடவை மறைக்காத."

ஏழு வருஷம் தெரிந்தும் ஒரு வரி எழுதாத மனுஷன். பிள்ளை எழுதி, அவன் பதில் போடாவிட்டால் அவள் இன்னொரு முறை உடைவாள். பரீட்சைக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது. கொடுக்காவிட்டால், இந்தப் பெண் இனி ஒரு வார்த்தையும் தாயை நம்பப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று எமல்டா சொல்லியிருக்கிறாள். இன்று வெள்ளிக்கிழமை. கேட்க அவளுக்கு இருந்த ஒரே ஆள் அன்புச்செல்விதான். இப்போது அவளும் இல்லை.

படித்தவர்கள் சொல்லுங்கள். அந்த முகவரியை எமல்டா மகள் கையில் கொடுக்கலாமா, பரீட்சை முடியும்வரை பொறுக்கச் சொல்லலாமா? பிள்ளையிடம் ஒன்றை மறைத்துப் பிறகு மாட்டிக்கொண்ட தாய் தகப்பன் யாராவது இருந்தால், அப்படி மறைக்கப்பட்டு வளர்ந்தவர்கள் இருந்தால், உங்களுக்கு நடந்ததை நாலு வரியாவது எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் நல்லது.