இரண்டு மடங்கு வேகம்

என் அக்கா பாடம் படித்துப் பதிவு செய்து அனுப்பியதையெல்லாம் நான் இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டேன். இப்போது அவள் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

ராணுவத்தில் நான் மருத்துவ உதவியாளன். பேர்தான் பெரிய பேர். பாதி நாள் பூட்ஸ் கடித்த கால்களுக்குக் கட்டுப் போடுவேன். மீதி நாள் ஆம்புலன்ஸில் உட்கார்ந்திருப்பேன். சிப்பாய்கள் முதுகுச் சுமையோடு இருபது கிலோமீட்டர் நடப்பார்கள். பின்னால் எங்கள் வண்டி நடை வேகத்தில் ஊர்ந்து போகும். யாராவது சுருண்டு விழுந்தால் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

நர்சிங் பட்டம் வாங்குவது என் நெடுநாள் ஆசை என்று மேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். பச்சைப் பொய். அது அக்காவின் ஆசை. அவளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்த வருடம்தான் அம்மா போய்ச் சேர்ந்தாள். பன்னிரண்டு வயதுத் தம்பிக்குச் சோறு யார் போடுவது? அக்கா ரெடிமேட் கம்பெனிக்குக் காலர் தைக்கப் போனாள். பத்தொன்பது வருடம் சட்டைக் காலர் மட்டுமே தைத்தாள். முழுச் சட்டை ஒன்றைக்கூட அவள் தைத்ததில்லை.

மேஜர் அனுமதி கொடுத்தார், கறாராக. முகாம் வேலையில் ஒரு மணி நேரம் குறையக் கூடாது. ஒரு பேப்பரில் தவறினாலும் அனுமதி ரத்து, மறுபடி கேட்கவே கூடாது. சனி, ஞாயிறு ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சி. மற்ற ஐந்து நாளும் முகாம். அப்புறம் எப்போது படிப்பது? ஆம்புலன்ஸில்தான். ஆனால் ஓடுகிற வண்டியில் புத்தகத்தைப் பிரித்தால் எனக்குக் குடலைப் புரட்டிக்கொண்டு வரும். ரத்தத்தைப் பார்த்து அசையாதவன் அச்செழுத்தைப் பார்த்து வாந்தி எடுத்தேன்.

அக்காவிடம் புலம்பினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மறுவாரமே அதே புத்தகங்களைப் பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்து, சாப்பாட்டு இடைவேளையில் துணிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, வாய்விட்டுப் படித்து, போனில் பதிவு செய்து அனுப்ப ஆரம்பித்தாள். மருந்துப் பெயர்களை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது? வேகத்தை இரண்டு மடங்காக்கினேன்.

அக்காவின் குரல் குருவி மாதிரி கீச்சென்று ஓடியது. டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

"என்னப்பா, உங்க அக்கா ரயிலைப் பிடிக்கவா ஓடுறாங்க?"

நானும் சிரித்தேன்.

அக்காவிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. படித்துக்கொண்டே இருப்பவள் திடீரென்று, "டேய் கம்பவுண்டர்" என்பாள். என்னை அவள் கூப்பிடுவது அப்படித்தான். அந்த வார்த்தை வந்தால் புத்தகம் நின்றுவிட்டது என்று அர்த்தம். சூப்பர்வைசர் தலைக்கு மை அடித்த கதை, பக்கத்து வீட்டுப் பூனை பாலைக் கவிழ்த்த கதை என்று இழுத்துக்கொண்டு போவாள். முதல் மாதம் கேட்டேன். அதன்பின் "கம்பவுண்டர்" என்று காதில் விழுந்ததும் என் கட்டைவிரல் தானாகப் போய் ஒரு நிமிடம் தள்ளிவிடும். கேட்டு முடித்ததும் அவளுக்கு ஒரு வரி எழுதிப் போடுவேன். ஏழு மாதம் ஊருக்குப் போகவில்லை. போனில் பேசினாலும் சாப்பிட்டியா, படிச்சியா, அவ்வளவுதான்.

வார்டில் எனக்குப் பாடம் சொன்ன தலைமை நர்ஸம்மா முதல் நாளே ஒன்று சொன்னார். நோயாளியின் மூச்சை எண்ணும்போது, எண்ணுகிறோம் என்று அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார்கள். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். இருபதைத் தாண்டினால் கோளாறு. இதில் நான் கெட்டிக்காரன். அவரே சொன்னார்.

கடைசிப் பரீட்சையில் இதயம் பலவீனமான நோயாளியைப் பற்றிப் பதினைந்து மதிப்பெண் கேள்வி. படுத்தால் மூச்சு முட்டும், தலையணையை உயர்த்தி வைக்கத் தோன்றும், கால் வீங்கும், வேலை செய்தால் களைக்கும். அக்கா படித்த வரிசையிலேயே மளமளவென்று எழுதினேன். பதினைந்துக்குப் பதினைந்து.

பரீட்சை முடிந்த ஐந்தாம் நாள் அக்கா தையல் மெஷின்மேல் சாய்ந்துவிட்டாள். சீருடையைக்கூட மாற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், எத்தனை நாளாக மூச்சு வாங்குகிறது என்று. அக்காவோடு வேலை செய்யும் பெண்தான் பதில் சொன்னாள்.

"நாலு மாசமா சார். காலெல்லாம் வீங்கிப் போச்சு. தம்பிக்குப் பரீட்சை, யாரும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

இதயத்தில் வால்வு கெட்டிருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். அக்கா கண்ணைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டாள்.

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. அழுத்தக்காரி. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவனிடம் மறைப்பாளா? துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே என்று அவள் படத்தின் முன்னால் கத்தினேன். பாவம், நீ என்ன பண்ணுவே, உனக்குத் தெரியாதே என்று எல்லாரும் தட்டிக்கொடுத்தார்கள். அந்த வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து முகாமுக்குத் திரும்பினேன். சில வாரம் கழித்துப் பட்டம் தபாலில் வந்தது. அன்று அணிவகுப்பின் பின்னால் வண்டி ஊர்ந்தபோது அக்காவின் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. பாடம் எதற்கு இனி? குரல் போதும். நான் முழு மதிப்பெண் வாங்கிய அந்தப் பாடத்தையே எடுத்து, முதல் தடவையாகச் சாதாரண வேகத்தில் வைத்தேன்.

மூன்று வார்த்தை படிக்கிறாள், நிற்கிறாள், மூச்சை இழுக்கிறாள். மறுபடி மூன்று வார்த்தை. இரண்டு மடங்கு வேகத்தில் இந்த இடைவெளிகளெல்லாம் எங்கே போயின? என் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போனது. ஒரு நிமிடம் எண்ணினேன். முப்பத்தொரு மூச்சு. நான் எண்ணுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

டிரைவர் அண்ணன் சிரிக்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

அப்போது அந்த வார்த்தை வந்தது. கட்டைவிரல் பழக்கத்தில் நகர்ந்தது. அதை இழுத்து மடக்கிக்கொண்டேன்.

"டேய் கம்பவுண்டர். இதுல போட்டிருக்கிற மாதிரியே... எனக்கும் ரெண்டு தலகாணி வெச்சாதான்டா... தூக்கம் வருது. காலும் வீங்குது. வேற யார்கிட்டயும் சொல்லல. நீ படிக்கிறவன்... நீ சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போறேன். இல்லேன்னா சும்மா வயசாகுதுன்னு விட்டுடறேன். கேட்டுட்டுச் சொல்லு."

பதிவு முடிந்தது. தேதியைப் பார்த்தேன். பரீட்சைக்கு நாலு மாதம் முந்தையது. அதற்குக் கீழே, அதே நாளில், நான் அவளுக்கு எழுதிய பதில் அப்படியே இருந்தது.

"முழுசா கேட்டுட்டேன்க்கா. அடுத்த பாடம் அனுப்பு."